சேர்க்கைச் சான்றில் கையெழுத்துப் போடும் முன்: கொங்கு நாட்டுக்குப் புதிதாக வரும் மருத்துவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பதரை மணி இருக்கும். காங்கயம் பக்கம் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் எனக்கு நைட் டியூட்டி. வாசலில் ஆம்னி வேன் ஒன்று வந்து நின்றது. பின்சீட்டில் முப்பது வயது மதிக்கத்தக்க ஆள், இரண்டு கையையும் துண்டால் கட்டியிருந்தார்கள். கூட அப்பா, மச்சான், பங்காளி வீட்டுப் பையன்கள் இருவர். அப்பா பாதி நிரப்பிய ஒரு தாளை நீட்டினார். "கோயமுத்தூர்ல பெட்டு சொல்லி வெச்சிருக்குதுங்க டாக்டர். இன்னொரு டாக்டர் கையெழுத்து வேணும்னு சொல்லிப்போட்டாங்க. ஒரே ஒரு கையெழுத்துத்தானுங்க."

நான் வேனுக்குள் எட்டிப் பார்த்தேன். அவர் ஏதோ முனகிக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டேன். நான்கு நாள் கழித்து, அவரைச் சேர்த்திருந்த கோயமுத்தூர் மனநல மருத்துவமனையின் மருத்துவர் போனில் கூப்பிட்டார். லோடு ஏற்றும்போது அந்த ஆள் லாரியிலிருந்து விழுந்திருக்கிறார். ஸ்கேனில் மூளை உறைக்கு அடியில் ரத்தக் கட்டு. தலையில் கை வைத்துப் பார்த்திருந்தால் வீக்கம் தட்டுப்பட்டிருக்கும். ஆள் பிழைத்துக்கொண்டார். என் கையெழுத்து மட்டும் அந்த கேஸ் ஷீட்டில் இன்னும் இருக்கிறது.

அதற்குப் பிறகு நான் மனநல மருத்துவம் படித்து, இந்தப் பக்கமே வேலை பார்க்கிறேன். தாலுகா ஆஸ்பத்திரிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் தனியார் நர்சிங் ஹோமுக்கும் வருகிற இளம் டாக்டர்கள் ஒவ்வொரு வருடமும் என்னிடம் கேட்கிற கேள்விகளுக்கான பதில்தான் இது. ஒருவரை அவர் சம்மதம் இல்லாமல் மனநல மருத்துவமனையில் சேர்க்க நீங்கள் கொடுக்கும் சான்று, நீங்களே, நேரில், தனியாகப் பார்த்ததைச் சொல்கிற சாட்சி. குடும்பத்தின் வேண்டுகோளுக்குப் போடுகிற ஒப்புதல் முத்திரை ஆகாது. கீழே உள்ளதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

எந்தச் சட்டம், எந்த வாசல்

இப்போது நடப்பில் இருப்பது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். 2018 மே 29 முதல் அமலில் இருக்கிறது. 1987 சட்டம் போய்விட்டது. பழைய ஃபைலில் பழைய படிவம் கிடந்தால் எடுத்து நிரப்பாதீர்கள்.

யாரையும் சேர்க்கும்போது முதலில் எந்தப் பிரிவின் கீழ் என்று முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு வாசலுக்கும் சாவி வேறு. தானே விரும்பி, புரிந்துகொண்டு வருகிறவருக்கு 86-ஆம் பிரிவு. கூடுமானவரை எல்லாச் சேர்க்கையும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று 85-ஆம் பிரிவு சொல்கிறது. கட்டி இழுத்து வந்தார்களே என்பதற்காக நேராக அடுத்த வாசலுக்குப் போய்விடாதீர்கள். துண்டை அவிழ்த்து, தண்ணீர் கொடுத்து, பத்து நிமிடம் பேசியதும் "சரிங்க, தூக்கமே வரமாட்டேங்குது, சேர்த்துக்கங்க" என்று சொன்னவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தானே முடிவெடுக்க முடியாத நிலையில் இருப்பவருக்கு 89-ஆம் பிரிவு, ஆதரவுடன் கூடிய சேர்க்கை. உங்கள் கையெழுத்துக்கு வேலை வருவது பெரும்பாலும் இங்கேதான். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் 87. உயிருக்கே ஆபத்தான அவசரம் என்றால் 94. தெருவில் திரிகிறவரை போலீஸ் கூட்டி வந்தால் 100. மாஜிஸ்திரேட் உத்தரவோடு வந்தால் 102. எந்தப் பிரிவு என்பதை ஷீட்டின் மேலேயே எழுதிவிடுங்கள்.

சேர்க்கிற இடம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா என்பதையும் கேளுங்கள். உள்நோயாளியாக வைத்துக்கொள்கிற எந்த இடத்துக்கும் அந்தப் பதிவு வேண்டும். வண்டி அனுப்பி ஆளைத் தூக்கிக்கொண்டு போகிற குடி மறப்பு மையங்கள் சிலவற்றில் அந்தக் காகிதமே இருக்காது. அப்படிப்பட்ட இடத்துக்கு உங்கள் சான்று போகக் கூடாது.

இரண்டு பேர், தனித்தனியாக

89-இன் கீழ் இரண்டு பேர் பரிசோதிக்க வேண்டும். ஒருவர் கட்டாயம் மனநல மருத்துவர். இன்னொருவர் மனநலத் தொழில்முறையாளராகவோ பதிவு பெற்ற மருத்துவராகவோ இருக்கலாம். அந்த இரண்டாவது ஆள்தான் பெரும்பாலும் நீங்கள். மனநலத் தொழில்முறையாளர் என்ற பட்டியலில் மாநில ஆணையத்தில் பதிவு செய்த மருத்துவ உளவியலாளர், மனநல செவிலியர், மனநல சமூகப் பணியாளர் எல்லாரும் வருகிறார்கள். சித்தாவில் சிறப்பு மருத்துவம் பட்டமேற்படிப்பு முடித்தவரும் அதில் உண்டு.

சேர்க்கிற அன்றைக்கோ, அதற்கு முந்தைய ஏழு நாளுக்குள்ளோ பரிசோதனை நடந்திருக்க வேண்டும். போன மாதம் ஓ.பி.யில் பார்த்தது கணக்கில் வராது. வீடியோ காலில் அண்ணன் காட்டியதை நான் ஏற்றுக்கொள்வதில்லை, நீங்களும் ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

தனித்தனியாக என்று சட்டம் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். மனநல மருத்துவர் ஏற்கெனவே எழுதிவிட்டார், பெரியவர், அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவருடைய தாளைப் பார்த்து எழுதினால் சட்டம் கேட்ட இரண்டாவது கண் அங்கே இல்லாமல் போகிறது. அவர் எழுதியதைப் படிக்காமல் முதலில் உங்களுடையதை எழுதி முடித்துவிடுங்கள். கருத்து வேறுபட்டால் வேறுபட்டதாகவே எழுதுங்கள். நீங்கள் பார்ப்பவர் உங்கள் சொந்தக்காரராகவோ, உங்களுக்குக் கொடுக்கல் வாங்கல் உள்ளவராகவோ இருந்தால் விலகிக்கொண்டு வேறு டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள். சின்ன ஊரில் இது அடிக்கடி வரும்.

பரிசோதனையை எப்படிச் செய்வது

வந்தவர்களை வெளியே உட்காரச் சொல்லுங்கள். பயமாக இருந்தால் ஆண் நர்ஸ் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவும் மச்சானும் வேண்டாம். அவர்கள் பக்கத்தில் நின்றால் அவர் பேசுவது அவர்களுக்கான பதிலாகத்தான் இருக்கும்.

முதலில் உடம்பைப் பாருங்கள். காய்ச்சல், பி.பி., நாடி, தலையில் அடி, கழுத்து இறுக்கம், விரல் நுனியில் சுகர். கடைசியாக எப்போது குடித்தார் என்று கேளுங்கள். தினமும் குடிக்கிறவர் நிறுத்தி இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, வியர்த்து, சுவரில் பூச்சி ஊர்கிறது என்று சொன்னால் அவருக்கு மெடிக்கல் வார்டும் தயமினும்தான் முதலில் வேண்டும். வயதானவர் திடீரென்று நேற்றிலிருந்து உளறினால் சோடியம், சிறுநீர்த் தொற்று. குழப்பம் நேரத்துக்கு நேரம் கூடிக் குறைகிறதா, நாள் கிழமை தெரிகிறதா என்று பாருங்கள். மனநல மருத்துவரை விட இதில் உங்களுக்குக் கை பழக்கம் அதிகம். இரண்டாவது கையெழுத்தின் மதிப்பே இதில்தான் இருக்கிறது.

அதற்கப்புறம் தீர்மானிக்கும் திறன். 4-ஆம் பிரிவு மூன்று விஷயங்களைக் கேட்கிறது. சொல்கிற தகவல் அவருக்குப் புரிகிறதா? சேர்ந்தால் என்ன ஆகும், சேராவிட்டால் என்ன ஆகும் என்பது தெரிகிறதா? தன் முடிவைப் பேச்சாலோ சைகையாலோ வேறு வழியிலோ தெரிவிக்க முடிகிறதா? எளிய பேச்சில், அவர் மொழியில் கேளுங்கள். திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் சோமனூர், பல்லடம் தறிகளிலும் பீகார், ஒடிசாப் பையன்கள் ஏராளம். தமிழ் தெரியாமல் முழிப்பதை "தொடர்பு கொள்ள இயலவில்லை" என்று எழுதிவிடக் கூடாது. இந்தி தெரிந்த சூப்பர்வைசர் வேண்டாம், அவர் முதலாளி பக்கம். அதே ஊர்க்காரர் ஒருவரைத் தேடுங்கள்.

அவர் எடுக்கும் முடிவு நமக்குத் தப்பாகத் தெரிவதாலேயே திறன் இல்லை என்று ஆகிவிடாது. இதைச் சட்டமே சொல்லியிருக்கிறது.

எந்த அளவு கெட்டிருந்தால் சேர்க்கலாம்

நோய் இருக்கிறது என்பது மட்டும் போதாது. அதன் கடுமையால் கீழ்க்கண்டவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். தனக்கே உடல் தீங்கு செய்துகொள்வதாகச் சமீபத்தில் மிரட்டியிருக்க வேண்டும், அல்லது முயன்றிருக்க வேண்டும். இல்லையென்றால் பிறரிடம் வன்முறையாக நடந்திருக்க வேண்டும், அல்லது பிறர் உடல் தீங்குக்குப் பயப்படும்படி நடந்திருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் போய், அதனாலேயே ஆபத்தில் இருக்க வேண்டும். "சமீபத்தில்" என்ற சொல்லைக் கோடிட்டுக்கொள்ளுங்கள். மூன்று வருடம் முன்பு கல்லெறிந்தது இன்றைக்குக் காரணமாகாது. முன்பு சிகிச்சை எடுத்தார் என்பதும் தனியாகக் காரணமாகாது.

இதோடு இன்னும் இரண்டு சேர வேண்டும். சுயமாக முடிவெடுக்க முடியாமல், பிரதிநிதியின் (நோயாளி சார்பில் நிற்கும் ஆள், அது யார் என்று கீழே சொல்கிறேன்) மிக அதிகமான உதவி தேவைப்பட வேண்டும். அப்புறம், மருத்துவமனையில் சேர்ப்பதுதான் இந்தச் சூழலில் அவரை மிகக் குறைவாகக் கட்டுப்படுத்தும் வழி என்று நீங்கள் சான்று சொல்ல வேண்டும். வீட்டில் தங்கை மாத்திரை கொடுத்துப் பார்த்துக்கொள்வாளா, தினமும் ஓ.பி.க்கு வர முடியுமா என்று கேட்காமல் இந்த வரியை எழுத முடியாது. மேட்டாங்காட்டுச் சாளையில் தனியாக இருக்கிற வயதான அம்மா மட்டும்தான் துணை என்றால் அதையும் எழுதுங்கள். அதுவே சேர்க்கைக்கு ஒரு காரணம்.

சான்றில் எழுதும் விதம் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சறுக்குவது இங்கேதான். "நோயாளி வன்முறையாக இருக்கிறார், சேர்க்கை அவசியம்" என்ற ஒற்றை வரியை நூறு முறை பார்த்துவிட்டேன். அதில் யார் பார்த்தது, எப்போது, என்ன என்று எதுவுமே இல்லை. இப்படி எழுதுங்கள்: "இன்று மாலை 6.40-க்குத் தனியறையில் 35 நிமிடம் பார்த்தேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் மோட்டாருக்குள் கம்பி வைத்துத் தன் மூளையை இழுப்பதாக மூன்று முறை சொன்னார். 'இன்னைக்கு ராத்திரி முடிச்சுப்போடுவேன்' என்றார். யாரை என்று கேட்டதும் அந்தத் தோட்டத்துக்காரர் பெயரைச் சொன்னார். நேற்றுக் காலை அரிவாளோடு அங்கே ஓடியதாகத் தம்பி தெரிவித்தார், நான் அதைப் பார்க்கவில்லை. தனக்கு நோய் ஏதும் இல்லை என்கிறார். மருந்து எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல முடியவில்லை. காய்ச்சல் இல்லை, சுகர் 104, தலையில் காயம் இல்லை." பார்த்தது தனி, கேட்டது தனி. பிறர் சொன்ன தகவலைச் சட்டம் அனுமதிக்கிறது, ஆனால் உங்கள் பரிசோதனைக்குத் துணையாகத்தான். இப்படி எழுதிய சான்று ஒரு வருடம் கழித்து மனநல மறுஆய்வு வாரியத்தின் முன்னோ நீதிமன்றத்திலோ வந்தாலும் உங்களுக்குப் பதற்றமில்லை.

நோய் அல்லாதவை

அடுத்ததைக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொள்வேன் என்று நின்ற பெண்ணை, "புத்தி பேதலிச்சுப்போச்சுங்க" என்று அழைத்து வருகிறார்கள். இந்த ஊர்களில் இது அரிதல்ல. அந்தப் பெண் நாலு நாளாகச் சாப்பிட்டிருக்க மாட்டாள், அழுதிருப்பாள், கத்தியிருப்பாள். சமூக, ஒழுக்க, பண்பாட்டு வழக்கத்துக்கு ஒத்துப்போகாததை வைத்து ஒருவருக்கு மனநோய் என்று தீர்மானிக்கக் கூடாது என்று 3-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. சாதி, மதம், அரசியல் எதுவும் அதற்குக் காரணமாகாது. அவளைத் தனியாகக் கேளுங்கள். அவள் பாதுகாப்புக் கேட்டால் 181 மகளிர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். சான்று கொடுக்காதீர்கள்.

பூமித் தகராறு இன்னொன்று. பாகப் பிரிவினை நடக்கும் வீட்டில் ஒரு அண்ணனுக்கோ அத்தைக்கோ திடீரென்று மனநோய் வந்துவிடும். மனநோய் என்ற தீர்மானம் மட்டுமே ஒருவரைப் புத்தி சுவாதீனம் இல்லாதவர் ஆக்கிவிடாது, அதற்குத் தகுதியுள்ள நீதிமன்றம் சொல்ல வேண்டும். சிகிச்சை சார்ந்த நோக்கத்துக்கு அல்லாமல் ஒருவரை மனநோயாளி என்று வகைப்படுத்தவே கூடாது. ஆகவே உங்கள் தாளில் "சேர்க்கைக்காக மட்டும்" என்று எழுதுவது நல்லது. பத்திர ஆபீசுக்கு ஒரு காப்பி வேண்டும் என்று கேட்டால் மறுத்துவிடுங்கள்.

குடியும் அப்படித்தான். குடியால் வரும் மனநிலைக் கோளாறுகள் சட்டத்தின் விளக்கத்துக்குள் வருகின்றன. ஆனால் குடித்துவிட்டு வீட்டில் சண்டை போடுகிற, காலையில் தெளிவாகப் பேசுகிற ஆளை "ஒரு மாசம் உள்ளே போட்டுருங்க" என்றால் அதற்கு இந்தப் படிவம் இல்லை. மனைவி அடிபடுகிறார் என்றால் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது.

பிரதிநிதி யார்?

விண்ணப்பம் கொடுப்பவர் நியமனப் பிரதிநிதியாக இருக்க வேண்டும், கூட வந்த யாரோ அல்ல. நோயாளி முன்பே எழுத்தில் ஒருவரை நியமித்திருந்தால் அவர்தான். இல்லையென்றால் முன் அறிவுறுத்தலில் குறிப்பிட்டவர், அப்புறம் உறவினர், அப்புறம் கவனித்துக்கொள்பவர், யாரும் இல்லையென்றால் மனநல மறுஆய்வு வாரியம் நியமிப்பவர். உறவு என்றால் ரத்தம், திருமணம், தத்து. பங்காளி வீட்டுப் பையன் முன்னால் நின்று பேசுகிறான் என்றால், மனைவி எங்கே என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

முன் அறிவுறுத்தல் என்பது, நலமாக இருக்கும்போதே "எனக்கு இப்படிச் சிகிச்சை வேண்டும், இப்படி வேண்டாம்" என்று எழுதி வைப்பது. இங்கே இன்னும் மிகச் சிலரே எழுதுகிறார்கள். ஆனாலும் ஒவ்வொரு முறையும் "எழுதி வைத்திருக்கிறாரா" என்று கேட்டு, பதிலை ஷீட்டில் குறியுங்கள். அவசரச் சிகிச்சைக்கு அது பொருந்தாது.

அவசரத்தில்

மூலனூரிலோ தாளவாடியிலோ ராத்திரி இரண்டு மணிக்கு மனநல மருத்துவரை எங்கே தேடுவது? 94-ஆம் பிரிவு அதற்காகத்தான். உயிர்ச் சேதம், உடல்நலத்துக்கு மீள முடியாத கேடு, தனக்கோ பிறருக்கோ கடும் தீங்கு, நோயால் நேரடியாக வரும் பெரிய சொத்துச் சேதம், இவற்றைத் தடுக்க உடனே தேவை என்றால் எந்தப் பதிவு பெற்ற மருத்துவரும் சிகிச்சை கொடுக்கலாம். பிரதிநிதி பக்கத்தில் இருந்தால் அவர் சம்மதம் வாங்குங்கள். மயக்க ஊசி போட்டு 108-இல் ஏற்றி, அருகில் உள்ள மனநலப் பிரிவுக்கு அனுப்புவதும் இதில் அடங்கும். கோவை, சேலம், பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் எது பக்கமோ அங்கே முன்பே போன் செய்து சொல்லிவிடுங்கள். இந்த அதிகாரம் 72 மணி நேரத்துக்குத்தான், அங்கே பரிசோதித்துவிட்டால் அதோடு முடிந்தது. மின் அதிர்வுச் சிகிச்சையை அவசரச் சிகிச்சையாகச் செய்யவே கூடாது.

சாணிப்பவுடர் (வாசல் தெளிக்கிற சாயப் பொடி) குடித்துவிட்டு வருகிறவர்கள் இந்தப் பகுதியின் தனித் துயரம். முதலில் வயிறும் ஈரலும் உயிரும். அதற்கப்புறம்தான் மனநலம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும் என்று 115-ஆம் பிரிவு சொல்கிறது. "கேஸ் ஆயிருமுங்களா" என்று வீட்டார் நடுங்கிக்கொண்டு கேட்பார்கள். தண்டிக்க அல்ல, பராமரிக்கத்தான் சட்டம் சொல்கிறது என்று அவர்களிடம் சொல்லுங்கள். ஆனால் முயன்றார் என்பதாலேயே கட்டாயச் சேர்க்கை என்று பொருளில்லை. தெளிந்த பின் தீர்மானத் திறனைத் திரும்பப் பாருங்கள்.

போலீஸ் கூட்டி வந்தால், பாதுகாப்பில் எடுத்த 24 மணி நேரத்துக்குள் அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டு வந்திருக்க வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. ஈரோடு ஜங்ஷனிலோ பழனி பாதயாத்திரைக் கூட்டத்திலோ தொலைந்தவராக இருந்தால், காணாமல் போனவர் என்று எஃப்.ஐ.ஆர். போட்டாயிற்றா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எங்கோ ஒரு ஊரில் யாரோ தேடிக்கொண்டிருப்பார்கள்.

கட்டுவது

சங்கிலி கூடாது. எந்த வகையிலும், எந்த இடத்திலும் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த மனிதர்கள் தீயில் கருகியது இதே தமிழ்நாட்டில்தான். உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரம் மட்டும் உடலைக் கட்டுப்படுத்தலாம். காரணத்தையும் நேரத்தையும் எழுத வேண்டும், 24 மணி நேரத்துக்குள் பிரதிநிதிக்குச் சொல்ல வேண்டும். தனி அறையில் பூட்டி வைப்பதற்கு அனுமதியே இல்லை. வேனில் துண்டால் கட்டி வந்தால் மணிக்கட்டைப் பாருங்கள், தடம் இருந்தால் சான்றிலேயே எழுதுங்கள்.

கையெழுத்துக்குப் பிறகு ஓடும் கடிகாரம்

89-இன் கீழ் சேர்க்கை அதிகபட்சம் 30 நாள். பெண் அல்லது சிறார் என்றால் மூன்று நாளுக்குள்ளும், மற்றவர்கள் என்றால் ஏழு நாளுக்குள்ளும் மறுஆய்வு வாரியத்துக்கு மருத்துவமனை தெரிவிக்க வேண்டும். பிரதிநிதி நோயாளிக்காகச் சம்மதம் கொடுத்துக்கொண்டிருந்தால், நோயாளியின் திறனை ஏழு நாளுக்கு ஒரு முறை திரும்பப் பார்க்க வேண்டும். தேறிவிட்டால் 30 நாள் வரை காத்திருக்கக் கூடாது. வீட்டுக்குப் போகலாம், அல்லது விருப்பச் சேர்க்கையாகத் தொடரலாம். 30 நாளுக்கு மேல் தேவைப்பட்டால் 90-ஆம் பிரிவு. அப்போது இரண்டு மனநல மருத்துவர்கள் சான்று தர வேண்டும், வாரியத்தின் அனுமதியும் வேண்டும். அங்கே உங்கள் கையெழுத்து செல்லாது. டிஸ்சார்ஜ் ஆன ஏழு நாளுக்குள் மறுபடி 89-இல் சேர்க்கவும் முடியாது, அதற்கும் 90-தான். "போன வாரம்தானுங்க வந்தாரு, திரும்பவும் அதே மாதிரி" என்று யாராவது தாளை நீட்டினால் தேதியைப் பாருங்கள்.

சட்டத்தை மீறினால் 108-ஆம் பிரிவின் கீழ் முதல் முறை ஆறு மாதம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கடைசியாக அவரிடம் பேசுங்கள். எந்தச் சட்டத்தின் கீழ் சேர்க்கிறோம், ஏன், அதை எதிர்த்து வாரியத்தில் முறையிடலாம், இலவச சட்ட உதவி கிடைக்கும் என்று அவருக்கே சொல்லுங்கள், வீட்டாருக்கு மட்டும் அல்ல. கோபத்தில் இருந்தாலும் சொல்லுங்கள். அவினாசிக்காரர் ஒருவர் மூன்று வாரம் கழித்துத் தேறி வந்து என்னிடம் சொன்னார்: "அன்னைக்கு எல்லாரும் எங்கப்பாகிட்டயே பேசுனாங்க. நீங்க மட்டுந்தான் எங்கிட்டப் பேசுனீங்க. அது மட்டும் ஞாபகம் இருக்குதுங்க."

வீட்டாருக்கு டெலி மானஸ் (அரசின் மனநல ஆலோசனை) எண் 14416-ஐ எழுதிக் கொடுங்கள், எந்நேரமும் தமிழில் பேசலாம். மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் உங்கள் தாலுகா ஆஸ்பத்திரிக்கு என்றைக்கு வருகிறார் என்று தெரிந்துகொண்டு அந்தக் கிழமையையும் அதே சீட்டில் எழுதுங்கள். சான்றில் தேதி, மணி, உங்கள் பெயர், பதிவு எண். ஒரு காப்பியை உங்கள் ஃபைலில் வைத்துக்கொண்டு அப்புறம் தாளைக் கொடுங்கள்.